டீசல் பிக்கப்பில் ஹை ஐடில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கச் சாலைகளில் பார்க்கும் பெரிய டீசல் பிக்கப்புகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்: ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், ராமின் கம்மின்ஸ், ஜிஎம்மின் டூராமேக்ஸ். பனி தள்ளும் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ, டிரெய்லர் இழுக்கவோ கனடாவில் முதல் டீசல் பிக்கப்பை வாங்கும் நம்மவர்கள் நவம்பர் பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. மூன்று வண்டிகளுக்கும் பொதுவானதைப் பொதுவாகவும், வேறுபடும் இடங்களைத் தனித்தனியாகவும் சொல்லியிருக்கிறேன்.

ஹை ஐடில் என்றால் என்ன?

வண்டி நின்றபடி ஓடும்போது இன்ஜின் வழக்கமாக 650 முதல் 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை முறை, சுற்றும். அதை 1000, 1200 என்று உயர்த்தி, பெடலில் கால் வைக்காமலே அந்த வேகத்தில் நிலைநிறுத்துவதுதான் ஹை ஐடில். அதைச் செய்யும் சுவிட்ச், சிறு பெட்டி, அல்லது வண்டியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் வசதி, எல்லாவற்றையும் கன்ட்ரோலர் என்றே சொல்கிறார்கள்.

எதற்காக உயர்த்த வேண்டும்? இன்ஜின் தானாக ஓடுகிற வேகம் போதாதா?

சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்பதற்குப் போதும். மைனஸ் 25 டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்பதற்குப் போதாது.

பெட்ரோல் இன்ஜின் காற்றையும் அளந்துதான் உள்ளே விடும். ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். டீசல் அப்படி இல்லை. சும்மா நிற்கும்போதும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, டீசலைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். உறைபனிக் காற்று முழுவதும் உள்ளே போய், இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வருகிறது. சிலிண்டர் சுவர் சூடேறவில்லையென்றால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இன்ஜெக்டர் முனையிலும் வால்விலும் கரி ஏறும். சைலன்சர் இணைப்புகளில் கறுப்பாகப் பிசுபிசுவென்று கசிவு தெரியும். இதைத்தான் வெட் ஸ்டாக்கிங் என்கிறார்கள். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகைதான் அதன் முதல் அறிகுறி.

வேகத்தை உயர்த்தினால் நிமிடத்துக்கு நடக்கும் எரிப்புகள் கூடும், ஆயில் அழுத்தம் கூடும், கூலன்ட் வேகமாகச் சுற்றும்.

இரண்டாவது காரணம் மின்சாரம். ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்தில் தன் முழுத் திறனைத் தருவதில்லை. மேலே சுழலும் மஞ்சள் விளக்கு, ஹீட்டர் ஃபேன், இன்வெர்ட்டரில் ஓடும் டிரில் சார்ஜர் என்று எல்லாம் சேர்ந்தால் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கும். கம்மின்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2024 வரை வந்த வண்டிகளில் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர்தான் உண்டு. ஸ்டார்ட் ஆன பிறகும் அது சிறிது நேரம் விட்டுவிட்டு வேலை செய்யும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஹெட்லைட் மங்கும், வோல்ட் மீட்டர் முள் சரசரவென்று இறங்கி மறுபடி ஏறும். பயந்துபோய் ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அது கோளாறு இல்லை. 1100 ஆர்பிஎம்முக்கு உயர்த்தினால் முள் அந்த அளவு விழாது.

மூன்றாவது, பிடிஓ. இன்ஜினின் சக்தியை எடுத்து ஹைட்ராலிக் பம்பையோ வேறு இயந்திரத்தையோ ஓட்டும் வண்டிக்கு ஹை ஐடில் இல்லாமல் வேலையே நடக்காது. ஃபாக்டரிகள் இந்த வசதியை வைத்ததே முதலில் இதற்காகவும் ஆம்புலன்ஸ் போன்ற வண்டிகளுக்காகவும்தான்.

காலையில் சீக்கிரம் சூடாக்க ஹை ஐடில் உதவுமா?

ஓரளவுக்கு. விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

சுமை இல்லாத டீசல் இன்ஜின் வெறும் வேகத்தால் பெரிதாகச் சூடாகாது. வெப்பம் வர வேண்டுமென்றால் அது எதையாவது எதிர்த்து உழைக்க வேண்டும். அதனால் ஹை ஐடிலோடு, புகை வழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேரும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. 2007-ன் நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் முதல் டர்போவுக்குள் புகை போகும் வழியைக் குறுக்கியே எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறது. வண்டி நிற்கும்போது அதை ஆன் செய்தால் புகை வெளியேற வழி குறுகி, இன்ஜின் முட்டிக்கொண்டு ஓடும். சத்தம் மாறும், கூலன்ட் முள்ளும் நகரத் தொடங்கும்.

பழைய 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் இதே தந்திரத்தை ஃபோர்ட் அப்போதே வைத்திருந்தது. டர்போவின் வெளிவாயில் ஒரு தடுப்பு வால்வு. குளிரில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் அது மூடிக்கொள்ளும். ஜெட் விமானம் கிளம்புவதுபோல் ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சலைக் கேட்டு டர்போ போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள்.

24 வால்வு 5.9 கம்மின்ஸ் வேறொரு வழியில் போகிறது. கடுங்குளிரில் ஆறு சிலிண்டரில் மூன்றுக்கு மட்டும் டீசலை அனுப்பி, அந்த மூன்றையும் கடுமையாக உழைக்கவைக்கும். கடகடவென்று சுருதி தப்பிய சத்தம் வந்தால் அதுதான்.

ஆனாலும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் நல்ல வழி, சில நிமிடங்களில் ஆயில் அழுத்தம் நிலைத்ததும் வண்டியை மெதுவாக ஓட்டிப் போவதே. நிறுத்தி வைத்தே சூடாக்கினால் கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல், வீல் பேரிங் எல்லாம் பனிக்கட்டிபோலவே கிடக்கும். ராமின் 47 ஆர்இ, 48 ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் இன்னொன்றும் உண்டு. பார்க்கில் நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் போகாது, நியூட்ரலில்தான் போகும். பார்க்கில் அரை மணி நேரம் ஹை ஐடிலில் ஓடியிருந்தாலும் அதன் கியர் ஆயில் குளிர்ந்தேதான் இருக்கும்.

இன்ஜினை மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதே, பிறகு இது எதற்கு?

இரவு வீட்டில் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்றால் பிளாக் ஹீட்டர்தான் ராஜா. கம்மின்ஸில் 750 வாட், 7.3 பவர் ஸ்ட்ரோக்கில் 1000 வாட். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஆன் ஆகும்படி டைமர் போட்டால் போதும், இரவு முழுக்க ஓடவிட வேண்டியதில்லை. ஆயில் இளகியிருக்கும். 7.3, 6.0 பவர் ஸ்ட்ரோக்குகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றில் இன்ஜெக்டரை இயக்குவதே அழுத்தம் ஏற்றிய இன்ஜின் ஆயில்தான். ஆயில் கெட்டியாக இருந்தால் இன்ஜெக்டரும் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

ஹை ஐடில் பிளக் கிடைக்காத இடத்துக்கு. வேலைத்தளம், எண்ணெய் வயல், நெடுஞ்சாலை ஓரம். வீட்டு வாசலில் பிளக் பாயிண்ட் இருந்தும் கன்ட்ரோலருக்குக் காசு கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

கன்ட்ரோலரைத் தனியாக வாங்க வேண்டுமா?

முதலில் உங்கள் வண்டியிலேயே அது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு வாங்கவே தேவையிருக்காது.

ஃபோர்டில் 7.3 காலத்தில் ஏபிசிஎம் என்று தனிப் பெட்டி விற்றார்கள். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் தானாக வேகத்தைக் கூட்டும் வசதியும் அதில் இருந்தது. ஃபோர்டின் கனரக பிக்கப்பான சூப்பர் டியூட்டியில் 2005 முதல் எஸ்இஐசி என்ற பெயரில் அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. ஒயர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் முனை மூடிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இடமும் நிறமும் வருடத்துக்கு வருடம் மாறும். வண்டியில் கூடுதல் கருவி பொருத்துபவர்களுக்காக ஃபோர்ட் வெளியிடும் பாடி பில்டர் வரைபடத்தை, உங்கள் வருடத்துக்கானதை, பார்க்காமல் எந்த ஒயரையும் தொடாதீர்கள். அப்ஃபிட்டர் சுவிட்ச் வரிசை, அதாவது கூடுதல் கருவிகளுக்காக ஃபாக்டரியே வைத்த சுவிட்சுகள், உள்ள வண்டி என்றால் இன்னும் எளிது. அதில் ஒரு சுவிட்சிலிருந்து 12 வோல்ட்டை உரிய ஒயருக்குக் கொடுப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. வேகத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்ப்பார்கள்.

ராமில் பல வருட வண்டிகளில் டீலர் தன் கருவியைச் செருகி இந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். திறந்தபின் ஸ்டியரிங்கில் இருக்கும் குரூஸ் கன்ட்ரோல் பொத்தான்களாலேயே 1100-லிருந்து 1500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கலாம். தனி ஒயர், தனி சுவிட்ச் எதுவும் வேண்டாம். டீலர் வாங்கும் கட்டணம் கடைப் பெட்டியின் விலையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

டூராமேக்ஸிலும் பிடிஓ வசதியோடு வந்த வண்டியா, டீலர் திறந்துவிடக்கூடியதா என்பது வருடத்தையும் ஃபாக்டரியில் சேர்த்த ஆப்ஷனையும் பொறுத்தது. வண்டி எண்ணைக் கொடுத்தால் ஜிஎம் டீலர் சொல்லிவிடுவார்.

இவை எதுவும் ஒத்துவராதபோதுதான் வெளிக்கடைப் பெட்டி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபட்ஸ்ஃபோர்டில் இருக்கும் பிடி டீசல் நெடுங்காலமாக இந்தப் பெட்டிகளைச் செய்கிறது.

பெடலில் செருகும் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை வோல்ட்டேஜாகச் சொல்லும். பெட்டி பெடல் கனெக்டருக்கும் வண்டியின் ஒயருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, நீங்கள் லேசாக மிதிப்பதாக ஒரு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் கூட்டும்.

சென்சாரில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உண்டு. ஒன்று சொல்வதும் மற்றது சொல்வதும் பொருந்துகிறதா என்று கம்ப்யூட்டர் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். நல்ல பெட்டி இரண்டையும் ஒத்துப்போகும்படி மாற்றும். மட்டமான பெட்டியோ தளர்ந்த கனெக்டரோ இருந்தால் கணக்கு இடிக்கும். உடனே செக் இன்ஜின் விளக்கு எரியும், பெடல் செத்துப்போய் வண்டி ஐடிலிலேயே நிற்கும். அது நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு விலை பேசுங்கள்.

என்னுடையது 1990-களின் 12 வால்வு கம்மின்ஸ். பெட்டி எங்கே செருகுவது?

செருக இடமில்லை. அது முழு மெக்கானிக்கல் பம்ப், கேபிளால் இழுபடுவது. கையால் இழுத்து வேகத்தை நிலைநிறுத்தும் கை திராட்டில் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். பனி சுரண்டும் குச்சியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுக்கும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் குச்சிக்கு பிரேக் மிதித்தால் விலகத் தெரியாது.

எத்தனை ஆர்பிஎம் வைக்கலாம்?

சூடு காக்கவும் பேட்டரிக்கும் 1000 முதல் 1200. இன்வெர்ட்டரில் பெரிய சுமை என்றால் 1300, 1400. பிடிஓவுக்கு அந்தப் பம்ப் கேட்கும் வேகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த நொடியே 1500-க்குத் தூக்குவது கூடாது. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர ஓரிரு நிமிடம் கொடுங்கள்.

பாதுகாப்புப் பூட்டுகள் தொல்லையாக இருக்கின்றன. கழற்றிவிடலாமா?

கூடாது. ஃபோர்டின் எஸ்இஐசி வேலை செய்ய கியர் பார்க்கில் இருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்க வேண்டும், கால் பிரேக்கில் இருக்கக் கூடாது, வண்டி அசையக் கூடாது. இதில் ஒன்று மாறினாலும் வேகம் உடனே இறங்கிவிடும். 1200 ஆர்பிஎம்மில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியில் யாராவது தெரியாமல் டிரைவுக்குத் தள்ளினால், மூன்றரை டன் வண்டி ஒரு குதி குதித்து முன்னால் பாயும். முன்னால் நிற்பவர் உங்கள் கூட வேலை செய்பவராகத்தான் இருப்பார். நல்ல வெளிக்கடைப் பெட்டிகளிலும் பிரேக் லைட் ஒயரிலிருந்து ஒரு இணைப்பு கேட்பார்கள். “அது இல்லாமலும் ஓடும்” என்று யாராவது சொன்னால், அவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மேனுவல் கியர் வண்டிக்கு இரட்டை எச்சரிக்கை. நியூட்ரலில் இருக்கிறதா என்பதை எல்லாப் பெட்டிகளும் அறியாது. பார்க்கிங் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டிபிஎஃப் உள்ள புதிய வண்டியில் ஹை ஐடில் நல்லதா, கெட்டதா?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் 2007 மாசு விதிகளுக்குப் பிறகு வந்த 6.7 கம்மின்ஸ், 6.4 பவர் ஸ்ட்ரோக், எல்எம்எம் என்ற குறியீடுள்ள டூராமேக்ஸ் முதல் சைலன்சர் வரிசையில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க அதற்கு 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். நிற்கும் வண்டியின் புகை அதன் பக்கத்தில்கூட வராது. குறைந்த ஐடிலில் மணிக்கணக்காக நின்றால் கரி சேர்ந்துகொண்டே போகும். டர்போவின் அசையும் பாகங்களிலும் படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். 6.0 பவர் ஸ்ட்ரோக்கும் 6.7 கம்மின்ஸும் இந்த வியாதிக்குப் பெயர் போனவை.

ஹை ஐடிலில் எரிப்பு சற்றுச் சுத்தம், புகையும் சற்றுச் சூடு. அதனால் கரி சேரும் வேகம் குறையும். ஆனால் சேர்ந்த கரியை எரிக்க அது போதாது. நீண்ட நேரம் நின்ற நாளில், வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது பாதியில் சாவியைத் திருப்பாதீர்கள்.

நின்றபடி சுத்தம் செய்யும் வசதியுள்ள வண்டியானால், சைலன்சர் வாய்க்கு அருகே காய்ந்த புல், டார்ப்பாலின், சுவர் எதுவும் இருக்கக் கூடாது. தீப் பிடிக்கும் அளவுக்குச் சூடு வரும்.

டீசல் எவ்வளவு செலவாகும்?

நீண்ட தூர கனரக லாரி சும்மா நின்றால் மணிக்குச் சுமார் 0.8 கேலன், அதாவது 3 லிட்டர், குடிக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பிக்கப் இன்ஜின் அதில் பாதி அளவுதான், ஆகவே குறைவு. ஹை ஐடிலில் அது ஏறும். டீசல் விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆயில். ஓடோமீட்டர் நகராவிட்டாலும் ஆயில் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். 1 மணி நேர ஐடில் ஏறத்தாழ 25 மைல் ஓட்டியதற்குச் சமம் என்று ஃபோர்ட் தன் டீசல் கையேட்டில் கணக்குப் போடுகிறது. பழைய வண்டி வாங்கும்போது மைல் மட்டும் பார்க்காமல் இன்ஜின் மணி நேரத்தையும் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊருக்கு ஊர் வேறு. டொராண்டோவில் ஒரு மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடக் கூடாது என்று நகர விதி இருக்கிறது. நியூயார்க் நகரில் 3 நிமிடம், பள்ளிக்கு அருகில் 1 நிமிடம். கலிஃபோர்னியாவில் சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக டீசல் வண்டிகளுக்கு 5 நிமிடம். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த 3500 வகை பிக்கப்புகள் இந்த எடைக் கோட்டைத் தாண்டிவிடும். பிடிஓ போன்ற வேலைக்காக ஓடவிடுவதற்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. குளிருக்கும் விலக்கு இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

வாரண்டி போய்விடுமா?

டீலர் திறந்துவிட்ட ஃபாக்டரி வசதிக்குப் பிரச்சினையே இல்லை. வெளிப் பெட்டி விஷயத்தில், அமெரிக்காவின் 1975 மேக்னுசன்-மாஸ் சட்டப்படி வெளிப் பொருள் போட்டதை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டியால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம்.

இரவு வண்டிக்குள்ளேயே தூங்க ஹை ஐடில் போடலாமா?

தினமும் அப்படித் தூங்குபவர் என்றால் டீசலில் ஓடும் சிறு கேபின் ஹீட்டர் வாங்குங்கள். வெபாஸ்டோ, எபர்ஸ்பாச்சர் போன்றவர்கள் செய்கிறார்கள். பெரிய இன்ஜின் ஒரு மணி நேரத்தில் குடிப்பதை வைத்து அது இரவெல்லாம் ஓடும். எப்போதாவது ஒரு இரவு என்றால் போடலாம், ஆனால் பனி கொட்டும்போது சைலன்சர் வாய் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடும் ஒரு எச்சரிக்கைக் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்தும்கூட ஹை ஐடில் வேண்டாம்.

எல்லாம் சரியாக இணைத்தேன், சுவிட்ச் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கே பார்ப்பது?

கீழிருந்து தொடங்குங்கள். பார்க்கிங் பிரேக் போட்டதும் டாஷில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் துருப்பிடித்திருக்கும். உப்புத் தூவிய சாலைகளில் ஓடிய வண்டிகளில் அது சகஜம். அடுத்து, கம்ப்யூட்டரில் பழைய பழுதுக் குறியீடு தங்கியிருக்கிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள். பெடல், வேகமானி சம்பந்தப்பட்ட குறியீடு இருந்தால் ஹை ஐடிலை விடாது.

ஃபோர்டில் பலர் கோட்டைவிடுவது பிரேக் லைட். பின்னால் இருக்கும் பல்பு சர்க்யூட் சரியாக இருப்பதை எஸ்இஐசி எதிர்பார்க்கிறது. பல்பு போயிருந்தாலோ, கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தாலோ மறுத்துவிடக்கூடும். டாஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன்னால், ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். எரியாத பல்பை மாற்றிவிட்டு மறுபடி சுவிட்சைத் தட்டுங்கள்.